கேம்பர் வானில் பற்றரி ஏறவில்லையா? பற்றரியைக் குறை சொல்லுமுன் பார்க்க வேண்டியவை

சித்திரை கழிந்து கச்சான் வீசத் தொடங்கினால் திருகோணமலைப் பக்கம் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிக் கரையோரம் கேம்பர் வான்கள் வந்து நிற்கும். விடுதி வளவில் ஒரு இரவு பிளக் குத்திச் சார்ஜ் போடுவார்கள். அடுத்த இரண்டு இரவு கரண்ட் இல்லாத கடற்கரையில். மூன்றாம் நாள் விடியும்போது பிரிட்ஜில் வைத்த மீன் இளகியிருக்கும், லைட் மங்கும், தண்ணிப் பம்ப் இழுக்காது. உடனே எல்லோர் வாயிலும் வருவது "பற்றரி போயிற்று" என்பதுதான். புதுப் பற்றரி போடுவார்கள். சில மாதத்தில் அதுவும் அப்படியே ஆகிவிடும்.

பெரும்பாலும் குறை பற்றரியில் தொடங்குவதில்லை. வான் கட்டிய இடத்திலேயே பொருத்தி அனுப்பிய கன்வேட்டரும், அதிலிருந்து பற்றரிக்குப் போகும் வயரும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. கன்வேட்டர் என்பது சுவர்க் கரண்டை 12 வோல்ற் நேரோட்டமாக்கி, லைட்டையும் பம்பையும் ஓட்டிக்கொண்டே மிச்சத்தைப் பற்றரிக்குக் கொடுக்கும் பெட்டி. தொழிற்சாலையில் அதைத் தெரிவு செய்யும்போது, பிளக் குத்தியதும் வானுக்குள் எல்லாம் எரிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பற்றரி எத்தனை மணித்தியாலத்தில் நிறையும் என்பது பின்னால் வருகிற கணக்கு. அதனால் ஒரே பெட்டி இரண்டு விதமாகவும் கெடுக்கும்: ஒரு இரவு மட்டும் குத்தினால் பற்றரி அரைவயிற்றோடு நிற்கும், கிழமைக்கணக்கில் குத்தியபடி விட்டால் அதே பற்றரி வெந்து தண்ணி வற்றும். திருகோணமலை வெயிலும் உப்புக் காற்றும் இரண்டையும் வேகப்படுத்தும்.

கையில் வேண்டியவை

ஒரு மல்டிமீற்றர், நேரோட்ட அம்பியரும் காட்டும் கிளாம்ப் மீற்றர், தண்ணி ஊற்றும் பற்றரி என்றால் அதன் அசிற்றின் அடர்த்தியைக் காட்டும் ஐதரோமீற்றர் ஒன்று. இவை இல்லாமல் பற்றரிக்குத் தீர்ப்புச் சொல்லுகிறவரை நம்ப வேண்டாம்.

சார்ஜையும் லைட்டையும் நிறுத்திவிட்டுச் சில மணித்தியாலம் ஆறவைத்து அளந்தால், சாதாரண ஈய அமிலப் பற்றரியில் 12.7 வோல்ற் நிறைந்த நிலை. 12.4 முக்கால், 12.2 அரை, 12.0 என்றால் ஏறத்தாழக் கால்பங்குதான் மிச்சம். இப்போதுதான் சார்ஜை நிறுத்திய பற்றரி 13 காட்டும். அந்த எண்ணை வைத்து நிறைந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

மீற்றர் ஊசியை வைக்கும் இடம் மிக முக்கியம். பற்றரியின் ஈயத் தலையிலேயே வையுங்கள், அதன் மேல் இறுக்கியிருக்கும் கிளாம்பில் வேண்டாம். சார்ஜ் ஓடும்போது ஒரு ஊசியைத் தலையிலும் மற்றதை அதே தலையின் கிளாம்பிலும் வைத்தால் எண் பூச்சியத்தை ஒட்டி வர வேண்டும். 0.1 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் இரண்டுக்கும் இடையில் அழுக்கு இருக்கிறது. எங்கள் கரையில் இது அடிக்கடி அகப்படும் குறை. மேலே பார்த்தால் சுத்தமாகத் தெரியும். கழற்றிப் பார்த்தால் உள்வளையம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும்.

சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே பொறி பட்டு வெடிக்கும். கதவைத் திறந்து வைத்து, சார்ஜை நிறுத்திய பிறகே டெர்மினலில் கை வையுங்கள். மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள். கன்வேட்டரின் மூடியைத் திறக்கும் வேலை வீட்டுக் கரண்ட் வேலை தெரிந்தவருடையது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கொண்டென்சர் அடிக்கும்.

அறிகுறி: பிளக் குத்தினால் எல்லாம் எரிகிறது, கழற்றினால் அந்தக் கணமே இருட்டு

கன்வேட்டர் வேலை செய்கிறது. பற்றரிக்கும் அதற்கும் தொடர்பு அறுந்திருக்கிறது. முதலில் பற்றரி துண்டிக்கும் சுவிச்சைப் பாருங்கள். வாசற்படிக்குப் பக்கத்தில் இருந்தால் யாருடைய கால் பட்டாவது நின்றிருக்கலாம். அடுத்து பற்றரிக்குப் பக்கத்துப் பெரிய பியூஸ்.

அமெரிக்கக் கன்வேட்டர் என்றால் பியூஸ் பலகையில் தனியாக 30 அல்லது 40 அம்பியர் பியூஸ் இரண்டு சேர்ந்தாற்போல் இருக்கும். பிளஸ், மைனஸ் மாறிப் பூட்டினால் கன்வேட்டரைக் காப்பாற்றத் தாங்கள் எரிந்துபோவதற்காக வைத்தவை அவை. அண்மையில் யாராவது பற்றரி மாற்றியிருந்தால் நேரே அங்கே போங்கள். அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும், வயர்த்துண்டு சுற்றக் கூடாது. அந்தப் பியூஸ் நன்றாயிருந்தால் வயர் வழியே தேடுங்கள்.

அறிகுறி: இரவு முழுக்கச் சார்ஜ் போட்டும் காலையில் நிறையவில்லை

வருகிற முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் இதுதான்.

முதலில் கணக்கு. அமெரிக்காவில் கன்வேட்டர் செய்யும் ப்ரோகிரசிவ் டைனமிக்ஸ் கம்பனி 125 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்றை வெவ்வேறு வோல்ற்றில் ஏற்றிப் பார்த்த சோதனை முடிவை வெளியிட்டிருக்கிறது. 14.4 வோல்ற்றில் ஏற்றினால் 3 மணித்தியாலத்தில் 90 வீதம், 11 மணித்தியாலத்தில் முழுதாக. 13.6 வோல்ற்றில் ஏற்றினால் 90 வீதத்துக்கே 40 மணித்தியாலம், முழுதாக நிறைய 78 மணித்தியாலம். வித்தியாசம் 0.8 வோல்ற்தான். இரவு ஏழு மணிக்குக் குத்திக் காலை ஏழு மணிக்குக் கழற்றுகிற ஒருவருக்கு, 13.6-இல் நிற்கும் கன்வேட்டர் பற்றரியை ஒருநாளும் நிறைக்காது. பற்றரி எவ்வளவு புதியதாக இருந்தாலும் நிறைக்காது.

பழைய கன்வேட்டர்கள் ஒரே வோல்ற்றில் நிற்பவை. புதியவை மூன்று கட்டமாக ஏற்றும்: முதலில் 14.4, பிறகு 13.6, கடைசியில் ஓய்வு நிலைக்கு 13.2. உங்களுடையது எது என்று பெட்டியில் ஒட்டிய அட்டையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று கட்டம் என்று எழுதியிருந்தும் 14.4-க்கு ஏறாமல் 13.6-இலேயே நிற்கும் பெட்டிகள் இருக்கின்றன. சோதிக்கும் விதம் இது: பற்றரியை 12.2 வரை பாவித்து இறக்குங்கள். மற்ற லைட் எல்லாம் நிறுத்திவிட்டுப் பிளக் குத்துங்கள். ஒரு மணித்தியாலம் வரை இடைக்கிடை கன்வேட்டரின் வெளியீட்டு டெர்மினலிலும் பற்றரியின் ஈயத் தலையிலும் அளந்து எழுதுங்கள். கூடவே கிளாம்ப் மீற்றரால் அம்பியரையும்.

இரண்டு இடத்திலும் 13.6-க்கு மேல் போகவில்லை, அம்பியரும் சில நிமிடத்தில் விழுந்துவிட்டது என்றால் கன்வேட்டர்தான் குறை. கன்வேட்டரில் 14-க்கு மேல், பற்றரியில் 13 சொச்சம் என்றால் குறை வயரில். இந்த இரண்டாவது வகையைத்தான் பலர் கன்வேட்டர் பழுது என்று நினைத்துக் காசைக் கொட்டுகிறார்கள்.

நிலாவெளியில் ஒரு வானில் பார்த்ததைச் சொல்கிறேன். கன்வேட்டர் கட்டிலுக்குக் கீழே முன்பக்கம், பற்றரி பின்கதவோரம். வயர் சில்லு வளைவைச் சுற்றிப் போயிருந்தது, ஒரு வழிக்கு ஐந்து மீற்றர். போய்வர பத்து. வயரின் தடிப்பு 4 சதுர மில்லிமீற்றர். செம்பின் தடையை வைத்துக் கணக்குப் பார்த்தால் அந்தப் பத்து மீற்றருக்கு ஏறத்தாழ 0.044 ஓம். 25 அம்பியர் ஓடும்போது வழியிலேயே 1.1 வோல்ற் தொலைகிறது. கன்வேட்டரில் 14.2, பற்றரியில் 13.1. மீற்றரும் அதையேதான் காட்டியது.

ஓட்டி வந்த தம்பி, "அண்ணை, போன மாசம்தான் புதுப் பற்றரி போட்டனான், பெட்டியையும் மாத்துவமோ?" என்று கேட்டார். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. அது தன் டெர்மினலில் இருக்கும் வோல்ற்றைத்தான் அறியும், பற்றரித் தலையில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தன்னிடம் 14-க்கு மேல் கண்டதும் பற்றரி நிறையப் போகிறது என்று எடுத்துக்கொண்டு அம்பியரைக் குறைத்து, நேரத்தோடே 13.6-க்கு இறங்கிவிடுகிறது. வயரை 25 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றினால் அதே 25 அம்பியரில் இழப்பு 0.2 வோல்ற்றுக்கும் குறைவு. கன்வேட்டரைப் பற்றரிக்குப் பக்கத்தில் நகர்த்தி வயரைக் கட்டையாக்குவது அதைவிட நல்லது. கரண்ட் வயர் நீளமாயிருந்தால் பெரிய இழப்பில்லை, 12 வோல்ற் வயர் நீளமாயிருந்தால்தான் தொல்லை. தடித்த வயர் போடும்போது பற்றரித் தலையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் கட்டாயம்.

வயர் தடிப்பாக இருந்தும் இழப்பு வந்தால், வயர் நுனியில் பொருத்தும் உலோக வளையமான லக் பூட்டிய இடத்துக்குப் பக்கத்தில் உறையை ஒரு விரற்கடை உரித்துப் பாருங்கள். செம்பு பளபளக்க வேண்டும். கறுத்தோ பச்சைக் களிம்பு பிடித்தோ இருந்தால் உப்பு ஈரம் உள்ளே ஏறிவிட்டது. இன்னும் ஒரு விரற்கடை உரியுங்கள், பெரும்பாலும் அங்கேயும் கறுப்புத்தான். நுனியைச் சுரண்டித் திரும்பப் பூட்டுவது சில நாளுக்குத் தாங்கும், அவ்வளவுதான். படகுக்கு என்று வரும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் விலை கூட. கடற்கரையில் நிற்கிற வானுக்கு அந்த விலை தகும். லக்கைக் குறட்டால் நசுக்காமல் அழுத்துக் கருவியால் அழுத்தி, மேலே பசையுள்ள சுருங்கு குழாய் போடுங்கள்.

கன்வேட்டரும் வயரும் சரியாயிருந்தும் காலையில் 12.4 தாண்டவில்லை என்றால் மட்டும் பற்றரியைச் சந்தேகிக்கலாம். ஐதரோமீற்றரால் ஆறு அறையையும் தனித்தனியே பாருங்கள். நிறைந்த அறை 1.265-க்கு மேல் காட்டும். ஐந்து அறை 1.250-ஐ ஒட்டி நிற்க ஒன்று மட்டும் 1.180 என்றால் அந்த அறை போய்விட்டது, பற்றரி மாற்றத்தான் வேண்டும். ஆறுமே ஒரே மாதிரித் தாழ்ந்திருந்தால் அது பட்டினி கிடந்த பற்றரி. சரியான சார்ஜரில் நீண்ட நேரம் போட்டால் பல தடவை மீளும்.

அறிகுறி: தண்ணி அடிக்கடி வற்றுகிறது, பற்றரி சுடுகிறது, பக்கம் ஊதுகிறது

இங்கே குறை எதிர்ப்பக்கம். பற்றரிக் கம்பனிகள் சொல்லும் 14.4, 13.6 எல்லாம் 25 பாகை செல்சியஸுக்கு. சூடு ஏற ஏற ஏற்றும் வோல்ற்றைக் குறைக்க வேண்டும். 12 வோல்ற் பற்றரிக்கு ஒரு பாகைக்கு 0.02 முதல் 0.03 வோல்ற் வரை. வெயிலில் நிற்கும் வானின் பற்றரிப் பெட்டிக்குள் 40 பாகை சாதாரணம். அப்படியென்றால் 14.4 என்பது ஏறத்தாழ 14.0 ஆகவும், குத்தியபடி விட்டுவிடும் வோல்ற் 13.2 அளவாகவும் இருக்க வேண்டும். 13.6-இலேயே நிற்கும் பெட்டியைக் கிழமைக்கணக்கில் குத்திவிட்டால் அந்தச் சூட்டில் பற்றரி மெல்ல மெல்ல வேகும். அது தவிர, 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

செய்ய வேண்டியது: வெப்ப உணரி வயர் பற்றரியில் ஒட்டப்படும் வகைச் சார்ஜர். அது இல்லாதவரை, பற்றரி நிறைந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். வானைப் பற்றரிப் பக்கம் நிழலில் வரும்படி நிறுத்துங்கள். தண்ணி என்றால் காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணி மட்டும். கிணற்றுத் தண்ணி வேண்டாம், அசிற்றும் வேண்டாம். தகட்டுக்கு மேல் நிற்கும்படி ஊற்றி, சார்ஜ் நிறைந்த பிறகே மேல் அளவுக்கு நிரப்புங்கள்.

கூழ்முட்டை நாற்றம் வந்தால் மட்டும் ஒரு சோதனையும் வேண்டாம். உடனே சுவர்ப் பிளக்கைக் கழற்றி, கதவு ஜன்னல் திறந்து, ஆட்களை வெளியே எடுங்கள். ஒரு அறை சோட்டாகிக் கொதிக்கிறது. ஆறிய பிறகு அந்தப் பற்றரி வெளியே போக வேண்டியதுதான். ஊதிய பற்றரிக்கும் அதே முடிவு.

அறிகுறி: கன்வேட்டரே உயிரில்லை, அல்லது எரிந்த மணம்

இலங்கைக்கு வந்திருக்கும் வான்களில் ஜப்பான் வகை நிறைய. அங்கே வீட்டுக் கரண்ட் 100 வோல்ற், அமெரிக்காவில் 120, இங்கே 230. வானின் பக்கவாட்டில் இருக்கும் சொக்கெட்டுக்கு யாராவது இங்கத்தைய பிளக்கைப் பொருத்தி நேரே குத்தினால் கன்வேட்டர் ஒரு கணத்தில் போய்விடும். 2020-இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வான்கள் பல கை மாறியிருக்கின்றன, உள்ளே யார் என்ன வயர் மாற்றினார் என்பது வாங்கியவருக்குத் தெரியாது. அட்டையில் உள்ளீட்டு வோல்ற்றை வாசிக்காமல் குத்தவே வேண்டாம்.

இடையில் வோல்ற் குறைக்கும் டிரான்ஸ்போமர் இருந்தால் அதன் அளவைப் பாருங்கள். 55 அம்பியர் கன்வேட்டர் முழுச் சுமையில் வெளியே கொடுப்பது 750 வாற். உள்ளே இழுப்பது அதைவிடக் கூட, அதுவும் ஒழுங்கற்ற அலையாக இழுக்கும். அதற்கு 1000 வீஏ டிரான்ஸ்போமர் போதாது, 1500 போடுங்கள். ஹம் என்று இரையும் பழைய பாரக் கன்வேட்டர் 60 ஹேர்ட்ஸுக்குச் சுருதி வைத்துச் செய்தது. இங்கத்தைய 50 ஹேர்ட்ஸில் அதன் வெளியீடு தாழ்ந்தே வரும். டிரான்ஸ்போமர் போட்டாலும் அந்தக் குறை தீராது. அதைப் பழுது பார்த்துச் செலவழிப்பது வீண். 230 வோல்ற்றுக்கே செய்த சார்ஜர் ஒன்றைப் பொருத்துவதுதான் வழி.

உள்ளீடு சரி, வெளியீடு இல்லை என்றால் பற்றரியின் மைனஸை முதலில், பிறகு பிளஸைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, கன்வேட்டரைத் தனியே ஓடவிட்டு அளவுங்கள். 13.6-ஐ ஒட்டி வந்தால் பெட்டி நல்லது. சூட்டில் நின்று, ஆறியதும் திரும்ப வேலை செய்கிறது என்றால் மின்விசிறியையும் காற்றுவழியையும் பாருங்கள். கட்டிலுக்குக் கீழே அடைத்த பெட்டிக்குள் துணிமூட்டையும் வைத்தால் எந்தக் கன்வேட்டரும் மூச்சுத் திணறும். எறும்பு கூடு வைத்திருப்பதும் எங்கள் பக்கம் வழமை.

அறிகுறி: ஓட்டத்தில் ஏறவில்லை

கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக ஆறேழு மணித்தியாலம் ஓடி வந்தும், லைட்டையும் பம்பையும் ஓட்டும் பின்பற்றரி பாதிதான் என்றால் இஞ்சினை ஓடவிட்டு இரண்டு பற்றரியையும் அளவுங்கள். இஞ்சினுக்குரிய முன்பற்றரியில் 14, பின்பற்றரியில் 12.6 என்றால், இஞ்சின் ஓடும்போது இரண்டையும் தானாகச் சேர்க்கும் சுவிச்சான இணைப்பு ரிலே சேரவில்லை. ரிலேயின் ஏர்த் வயர் அறுந்திருப்பதே அடிக்கடி வரும் காரணம். பின்னால் 13.2 என்றால் மேலே சொன்ன மெல்லிய வயர்ப் பிரச்சினைதான்.

புதுரக வான்களில், இஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டனேட்டரைக் கொம்பியூட்டர் கட்டுப்படுத்தும். முன்பற்றரி நிறைந்ததும் வோல்ற்றை 12.8-க்கும் கீழே இறக்கிவிடும், ரிலே விட்டுவிடும். அதற்கு, முன்பக்கத்து வோல்ற் தாழ்ந்தாலும் அதை உயர்த்திப் பின்பற்றரிக்குக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். காஸ், சுவர்க் கரண்ட், பற்றரி மூன்றிலும் ஓடும் மூன்றுவழிப் பிரிட்ஜை 12 வோல்ற்றில் போட்டு ஓடினால் அதுவே 10, 15 அம்பியர் குடிக்கும். நிற்கும்போது அதைக் காஸுக்கு மாற்ற மறந்தால் 100 அம்பியர்-மணிப் பற்றரி ஒரு இரவுக்கும் தாங்காது.

அறிகுறி: லித்தியம் போட்ட பிறகு தொல்லை

பழைய கன்வேட்டரில் லித்தியம் பற்றரி ஏறும், ஆனால் மெதுவாக, முழுதாக நிறையாமல். அதற்கு வேண்டியது 14.2 முதல் 14.6. என்னைக் கவலைப்படுத்துவது ஓட்டத்தில் ஏற்றுவதுதான். லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கும். வெறும் ரிலேயால் இணைத்தால் ஆல்டனேட்டர் முழுச் சுமையில் நெடுநேரம் நின்று எரியும். 30 அம்பியர் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் லித்தியம் போட வேண்டாம்.

அறிகுறி: குத்தியதும் விடுதியின் டிரிப் சுவிச்சு விழுகிறது

வானிலோ நீட்டு வயரிலோ கரண்ட் கசிகிறது. ஏர்த்தைக் கழற்றிவிட்டால் டிரிப் விழாது என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வானின் தகரம் முழுக்கக் கரண்ட் நிற்கும், ஈரக்காலோடு கதவைப் பிடிக்கும் பிள்ளை சாகும். ஒருபோதும் செய்யாதீர்கள். நீட்டு வயரை மாற்றிப் பாருங்கள். பிறகும் விழுந்தால் தகுதியான மின்தொழிலாளியைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: மாரி முடிந்து எடுத்தால் பற்றரி செத்துக் கிடக்கிறது

ஐப்பசி முதல் தை வரை வான் வளவில் சும்மா நிற்கும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாக நினைப்போம். காஸ் கசிவு காட்டும் கருவி, ரேடியோவின் நினைவு, தண்ணி அளவுப் பலகை ஆகியவை சேர்ந்து 50 மில்லி அம்பியர் இழுத்தால் ஒரு மாதத்துக்கு 36 அம்பியர்-மணி. மூன்று மாதத்தில் 100 அம்பியர்-மணிப் பற்றரி அடியோடு காலி, தகட்டில் சல்பேற்று இறுகிப் பிறகு மீளாது.

நிறுத்துமுன் முழுதாக ஏற்றி, ஒரு நாள் ஆறவிட்டு 12.7 நிற்கிறதா பாருங்கள். பிறகு பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். துண்டிக்கும் சுவிச்சை மட்டும் நம்ப வேண்டாம், சில வான்களில் காஸ் கருவி அந்தச் சுவிச்சுக்கு முன்னாலேயே பூட்டப்பட்டிருக்கும். மாதம் ஒருமுறை அளந்து 12.4-க்கு வந்ததும் திரும்ப ஏற்றுங்கள். 13.6-இலேயே நிற்கும் கன்வேட்டர் என்றால் இரண்டு மூன்று நாள் குத்தி வைத்து, பிறகு மறக்காமல் கழற்றிவிடுங்கள்.